க்ளட்ச் கனக்கிறது

ஆர்.எஸ்.புரம், கோவை
19.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சுரேந்தர் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் தங்கை பிரவீனா, புனேயில் ரித்திகா, மருமகன் எல்லோரும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மஞ்சள் வெட்டு ஆரம்பித்தாயிற்றா?

கவரில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடாதீர்கள். மூன்று வருஷம் முன்னால் ஆடிப் பதினெட்டு அன்று கொடுமுடி ஆற்றங்கரையில் சூடத்தைக் கையால் அணைத்து நீங்கள் செய்த சத்தியம் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. "அந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன், அந்த ஊட்டு ஆளுககூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றீர்கள். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் போன் செய்யாமல் தபால் பெட்டியைத் தேடிப் போனேன். நம் தெருவில் இருந்த பெட்டியை எடுத்துவிட்டார்கள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

விஷயம் நம் பச்சைக் கார். என் கல்யாணம் நிச்சயமான கையோடு நாம் இரண்டு பேரும் சேர்ந்து உயிர் கொடுத்த அதே இரண்டு சீட்டு வண்டி. க்ளட்ச் கனக்கிறது மச்சான். மிதித்தால் செங்கல் சுவரை மிதிப்பதுபோல் இருக்கிறது. சிக்னலில் நின்றால் தொடை நடுங்குகிறது. இங்கே யாரிடமும் காட்ட மனசில்லை. காட்டினால் மொத்தமாக மாற்றச் சொல்வார்கள். அந்தப் பெடலை வைத்தது உங்கள் கை. உங்களுக்குத்தான் தெரியும்.

வருகிற ஆடிப் பதினெட்டுக்கு இந்தக் காரை நானே ஓட்டிக்கொண்டு கொடுமுடிக்கு வர வேண்டும், உங்கள் வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும் என்று ஒரு ஆசை. அதற்குள் இந்தக் கால் பாரத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சுரேந்தர்

✦

கொடுமுடி
9.2.2025

மாப்பிள்ளைக்கு,

கடுதாசி கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மஞ்சள் வெட்டு பாதி முடிந்தது.

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் அந்தக் கவர் காலண்டர் ஆணியில் தொங்கியது. உங்கள் மகள் கல்யாணப் பத்திரிகையும் அங்கேதான் தொங்குகிறது. தாய்மாமன் பெயரை அச்சகத்தில் விட்டுவிட்டார்களாம். திருப்பி அடிக்க நேரமில்லையாம். அதனால் ஓரத்தில் பேனாவில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். ஊரில் உள்ள பங்காளி எல்லாம் அச்சில், கூடப் பிறந்த மாமன் பேனாவில். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

ஆனால் வண்டி என்ன பாவம் செய்தது.

முதலில் ப்ளே பாருங்கள். பெடலைக் கையால் லேசாக அமுக்கினால் ஒரு விரல்கடை தூரம் சும்மா போக வேண்டும், அதற்கப்புறம்தான் பாரம் தெரிய வேண்டும். சும்மா போகவில்லை என்றால் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து மேலே பாருங்கள். பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குப் போகிற கம்பியில் அதை நகராமல் பிடிக்கிற லாக் நட் ஒன்று இருக்கும். அதன் மேல் நான் சிவப்பு நகப்பூச்சு வைத்திருப்பேன். வைத்த நட் தானாகக் கழன்றால் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும் என்பதற்காக அன்றைக்கு பிரவீனாவின் பாட்டிலை எடுத்துத் தடவியது. அதை உடைத்துத்தான் திருப்ப வேண்டும். அரைச் சுற்று போதும். அவசரப்பட்டு முழுச் சுற்று சுற்றிவிடாதீர்கள். உங்களுக்கு எப்போதும் அவசரம்.

எங்கள் அம்மணி பிரவீனா சுகமா?

கதிர்வேல்

✦

ஆர்.எஸ்.புரம்
23.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அம்மணியும் சுகம். நீங்கள் விசாரித்ததைப் படித்துக் காட்டினேன். எழுந்து உள்ளே போனவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

நீங்கள் சொன்னபடியே டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்து பார்த்தேன். இந்தத் தொப்பையோடு அங்கே படுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நகப்பூச்சு அப்படியே இருந்தது. உடைத்து அரைச் சுற்று திருப்பினேன். "என்னோட கல்யாணத்துக்கு வாங்குன பாட்டிலுங்க அது, அப்பவே பாதி காணாமப் போச்சு" என்று பிரவீனா சிரித்தாள். வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

ஆனால் கனம் குறையவில்லை மச்சான். கொஞ்சம் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன். போன வாரம் ரேஸ்கோர்ஸ் பக்கம் கியர் மாற்றும்போது கால் பாதியில் நின்றுவிட்டது. வண்டி குதித்து அணைந்தது. பின்னால் ஆட்டோக்காரர், "ஏனுங்ணா, ஓட்டப் பழகறீங்களா?" என்று கேட்டார். கல்லாரிலிருந்து ஊட்டி வரை அத்தனை கொண்டை ஊசி வளைவையும் இந்த வண்டியில் ஏறிய என்னிடம்.

பேனா விஷயம். அன்றைக்குப் பத்திரிகையைத் திருப்பி அடித்திருக்க வேண்டும். நேரமில்லை என்று சொன்னது என் திமிர். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

வேறு என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

சுரேந்தர்

✦

கொடுமுடி
16.3.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். நீங்கள் எல்லோரும் சுகம் என்று கடுதாசியில் பார்த்தேன். மழை இல்லை, வாய்க்காலில் தண்ணீரும் இல்லை.

ப்ளே சரியாக இருந்தும் கனம் என்றால் இரண்டே காரணம். ஆயில் கெட்டிருக்கலாம், அல்லது உள்ளே பிளேட் ஸ்பிரிங் வயதாகி இறுகியிருக்கலாம். ஆயிலை மாற்றி, குழாயில் தங்கிய காற்றை வெளியே எடுத்துவிடுங்கள்.

அதற்கும் கேட்கவில்லை என்றால் ஒரு வழி உண்டு. பெடலில் கம்பி மாட்டுகிற இடத்தில் இரண்டு ஓட்டை விட்டிருப்பார்கள். நாம் கீழ் ஓட்டையில் மாட்டியிருக்கிறோம். மேல் ஓட்டைக்கு மாற்றினால் பாரம் குறையும். ஆனால் பெடல் தரைவரைக்கும் போனால்தான் கியர் விழும். பாரமும் குறைய வேண்டும், தூரமும் கூடக் கூடாது என்றால் நடக்காது. உங்களுக்கு நினைவிருக்கும், அன்றைக்கு நான் மேல் ஓட்டை போதும் என்றேன். நீங்கள்தான், "வேண்டாமுங்க மச்சான், கனமா இருந்தாத்தான் க்ளட்ச் புடிக்கற எடம் காலுக்குத் தெரியும்" என்று பிடிவாதம் பிடித்தீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. வண்டி அப்படித்தான் ஓட ஆசைப்பட்டது.

அதனால் மாற்றும் முன் பாரம் பார்த்துவிடுங்கள். கொப்பரை நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பெடலில் கொக்கியை மாட்டிக் கீழ்நோக்கி இழுங்கள். முள் எதில் நிற்கிறது என்று எழுதுங்கள். உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

போன கடுதாசியில் நீங்கள் திமிர் என்று எழுதிய வரியை இரண்டு தடவை படித்தேன். பத்திரிகையை ஆணியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

கதிர்வேல்

✦

ஆர்.எஸ்.புரம்
25.4.2025

அன்புள்ள மச்சானுக்கு,

தராசு வந்து சேர்ந்தது. கொப்பரை வாசம் இன்னும் போகவில்லை. பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். மோட்டார் பவுண்டரியில் ஆள் பற்றாக்குறை, மின்வெட்டு, ஏதோ ஒன்று.

பிரவீனா கொக்கியைப் பிடித்து இழுத்தாள், நான் டார்ச் அடித்து முள்ளைப் படித்தேன். பதினொரு கிலோ.

உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். தடவிப் பாருங்கள்.

சுரேந்தர்

✦

கொடுமுடி
1.5.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதினொன்று என்று நிச்சயமாகத் தெரியுமா?

நாம் அன்றைக்கு வைத்ததே பதினொன்றுதான். இதே மாதிரி ஒரு தராசை மாட்டிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணு, இதுதான் என் கால்" என்று நீங்கள் ஷெட்டில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அப்படி என்றால் இத்தனை வருஷத்தில் பெடல் ஒரு கிலோகூடக் கூடவில்லை. நீங்கள் ப்ளே வைத்தீர்கள், நான் ஆயில் மாற்றச் சொன்னேன். எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை.

ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியை அணைத்துவிட்டு சீட்டில் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து, வலது காலால் க்ளட்சை மிதித்துப் பாருங்கள். எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு கடுதாசியிலும் இங்கு எல்லோரும் சுகம் என்று ஆரம்பிப்பீர்கள். போன கடுதாசியில் அது இல்லை. நான் திருப்பித் திருப்பித் தேடிப் பார்த்தேன்.

உடனே எழுதுங்கள்.

கதிர்வேல்

✦

ஆர்.எஸ்.புரம்
14.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரவீனா எழுதுகிறேன். உங்கள் கடைசிக் கடுதாசி ஒன்றரை மாதமாக அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. துவைக்கும்போது எடுத்து வெளியே வைப்பேன், மறுபடி எடுத்து வைத்துக்கொள்வார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அவருக்கு மோட்டார் நியூரான் என்று ஒரு நோய் அண்ணா. கைகால் நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். மருந்து இல்லை. இடது காலில் ஆரம்பித்தது. டாக்டர் பெயரைச் சொன்னதும் இவர் சிரித்தார். "ஏனுங்க டாக்டர், முப்பது வருசமா ஊருக்கெல்லாம் மோட்டார் செஞ்சு குடுத்துப்போட்டேன், எனக்கே மோட்டார் ரிப்பேருங்களா?" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை.

அது மார்கழி மாதம். உங்களுக்கு முதல் கடுதாசி எழுதியதற்கு முன்னாலேயே.

இப்போது கால் வைத்து நடப்பதில்லை. அதுகூடப் பழகிவிட்டது. பேச்சு குழறுகிறது அண்ணா. காலையில் ஓரளவு புரியும், சாயங்காலம் எனக்கு மட்டும் புரியும். ரித்திகா போனில், "அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றால் போனை என்னிடம் கொடுத்துவிடுகிறார். பேச்சு முழுசாக நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியாது.

நீங்கள் என்னோடும் பேசாமல் இருந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. சத்தியம் சத்தியம்தான். ஆனால் அவர் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போங்கள். போனிலாவது பேசுங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் தங்கை,
பிரவீனா

✦

கொடுமுடி
22.6.2025

அன்புள்ள அம்மணிக்கு,

உன் கடுதாசியைத் தோட்டத்தில் வைத்துப் பிரித்தேன். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க வெகு நேரமாயிற்று.

வலது காலால் மிதிக்கச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம்தான் கண்ணு. நரம்பு பிசகியிருக்கும், சுளுக்கு வழிப்பவரிடம் காட்டச் சொல்லலாம் என்று இருந்தேன். இப்படி என்று நினைக்கவில்லை.

அன்றைக்கே பஸ் ஏறக் கிளம்பினேன். கிளம்பிவிட்டு ஆற்றங்கரை ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் போகலாம் என்று போனேன். சூடம் அணைத்த சத்தியத்தை எந்த நாளில், எந்தத் துறையில் செய்தோமோ அதே நாளில், அதே துறையில்தான் தீர்க்க வேண்டும், இடையில் மீறினால் அந்தத் தோஷம் யாரிடம் பேச மாட்டேன் என்றோமோ அவர்களைத்தான் பிடிக்கும் என்றார். என்னைப் பிடிக்கும் என்றால் அந்தச் சத்தியத்தைக் காலில் போட்டு மிதித்திருப்பேன். மாப்பிள்ளையை என்கிறார். இந்த நிலைமையில் அவர் உடம்பை வைத்து நான் விளையாட முடியாது.

ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதிகாலையில் ஆற்றில் முழுகி, சூடம் ஏற்றிச் சத்தியத்தை இறக்கி வைத்துவிட்டு, ஈரம் காயும் முன் வாரேன். அதுவரைக்கும் போனும் வேண்டாம். ஆறு வாரம்தான். அவரைத் தைரியமாக இருக்கச் சொல். கார் ஓட்டி வர வேண்டாம், நான் வந்து ஓட்டுகிறேன் என்று சொல்.

உன் அண்ணன்,
கதிர்வேல்

✦

ஆர்.எஸ்.புரம்
1.7.2025

அன்புள்ள மச்சானுக்கு,

பிரவீனா கடுதாசியைக் காட்டினாள். எழுதியது தப்பில்லை என்று சொல்லிவிட்டேன்.

பதினெட்டுக்கு வாங்க. நான் எங்கே போகப் போகிறேன்.

சுரேந்தர்

✦

கொடுமுடி
10.8.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். பழக்கம் அப்படி ஆகிவிட்டது.

பஸ்ஸில் வரும்போது முதல் வார்த்தை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் வேறு சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார். உங்கள் வாசப்படியை மிதித்து, "ஏனுங்க மாப்பிள்ளை, ஊட்டுல இருக்கீங்களா?" என்று ஊர் கேட்கக் கத்தினேன். உள்ளே இருந்து சத்தமில்லை. கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். கோபப்படட்டும், இரண்டு திட்டுத் திட்டட்டும் என்று உள்ளே வந்தேன்.

கழுத்தில் அந்தக் குழாயைப் பார்த்தேன்.

மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதும், தொண்டையில் துளை போட்டதும் ஜூலை பாதியிலேயே நடந்திருக்கிறது. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அம்மணியிடம் கத்தினேன். நீங்கள் சிலேட்டில், 'சொல்லாதே, பதினெட்டுக்கு வரட்டும்' என்று எழுதிக் காட்டினீர்களாம். அப்புறம் அவள் என்னை ஒரு பார்வை பார்த்து, "நான் ஜூன் மாசமே எழுதுனேனுங்களே அண்ணா" என்றாள்.

நீங்கள் உதட்டை அசைத்தீர்கள். மச்சான் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க நான் ஒருத்தனே பேசினேன். மஞ்சள் விலை, வாய்க்கால் தண்ணீர், மாடு கன்று போட்டது, வாயில் வந்ததெல்லாம். நிறுத்தினால் அந்தக் குழாய்ச் சத்தம் கேட்கும், அதனால் நிறுத்தவில்லை.

மறுநாள் காலையில் ஷெட்டைத் திறந்தேன். உங்களைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டலாம் என்று எண்ணம். காருக்கு மேல் போர்த்திய துணியில் அவ்வளவு தூசி. நாலு டயரும் தரையோடு. பேட்டரியில் உயிரில்லை. ரேஸ்கோர்ஸில் ஆட்டோக்காரர் கிண்டல் செய்தார் என்று எழுதினீர்களே, அந்த வண்டி இது இல்லை. இது தெருவைப் பார்த்து ஒரு வருஷமாவது இருக்கும்.

டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தேன். லாக் நட்டின் மேல் நான் வைத்த நகப்பூச்சு அப்படியே இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. நீங்கள் எதையும் உடைக்கவில்லை, அரைச் சுற்றும் திருப்பவில்லை.

அங்கேயே படுத்துக்கொண்டு அழுதேன் மாப்பிள்ளை. வெளியே வந்தபோது முகத்தில் ஆயில் என்று அம்மணியிடம் சொன்னேன்.

ஏன் என்று கேட்காமல் ஊருக்கு வந்துவிட்டேன். கடுதாசியில் கேட்கிறேன். ஏன்?

கதிர்வேல்

✦

ஆர்.எஸ்.புரம்
24.8.2025

அன்புள்ள மச்சானுக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடுதாசியை ஐந்து நாளாக எழுதுகிறேன்.

க்ளட்ச்சுக்கு ஒன்றுமில்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தால் நீங்கள் இரக்கப்பட்டு வந்திருப்பீர்கள். கோபம் உள்ளே அப்படியே இருந்திருக்கும். பத்திரிகை ஆணியிலேயே தொங்கியிருக்கும். வண்டிக்கு என்றால் மட்டும் பழைய கதிர்வேல் மச்சானாக எழுதுவீர்கள் என்று நினைத்தேன். எழுதினீர்கள். அரைச் சுற்று போதும், உங்களுக்கு எப்போதும் அவசரம் என்று திட்டினீர்கள். அதைப் படித்துவிட்டு நானும் பிரவீனாவும் எவ்வளவு நேரம் சிரித்தோம் தெரியுமா? அப்போது எனக்குக் குரல் இருந்தது.

பொய் எழுதியது எல்லாம் நான்தான். தராசு மட்டும் பொய் இல்லை. உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னீர்கள், அதில் மட்டும் பொய் எழுதக் கை வரவில்லை. அதில் மாட்டிக்கொண்டேன்.

கோபம் இருந்தது மச்சான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜூன் மாதம் நீங்கள் வந்திருந்தால் பேச நிறைய வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில்கூட பிரவீனாவிடம், மச்சான் வந்தால் முதலில் என்ன கேட்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். என் உடம்புக்குப் பயந்துதான் நாள் பார்த்தீர்கள் என்பதும் தெரியும். கோபமும் இருந்தது, இதுவும் தெரிந்திருந்தது.

பெடலில் கை வைக்காதீர்கள். பதினொன்றிலேயே இருக்கட்டும். ரித்திகா வந்தால் ஓட்டக் கற்றுக்கொடுங்கள். முதலில் கால் வலிக்கிறது என்பாள், விடாதீர்கள்.

கவரில் உங்கள் பெயரை மறுபடியும் பேனாவில்தான் எழுதுகிறேன். இந்தத் தடவை கோபப்பட வேண்டாம். நேற்றிலிருந்து பேனாவை என்னால் தனியாகப் பிடிக்க முடியவில்லை. பிரவீனா என் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறாள்.

மறுபடி வாங்க மச்சான். வந்து மஞ்சள் விலை பேசுங்கள், மாடு கன்று போட்டதைப் பேசுங்கள். நல்ல நாள் பார்க்காமல் வாங்க.

சுரேந்தர்